கிணற்றில் ஒரு திமிங்கிலம்

பதினொரு ரப்லெற்.
ஒன்றுக்குக் கண்ணாடி வெடிப்பு, இரண்டுக்குச் சார்ஜர் இல்லை.
தரம் ஆறு 'பி'யில் இருபத்தொன்பது பிள்ளைகள்.
வாங்குகளை நெருக்கிப் போட்டுத்தான்
கணக்கைச் சரிக்கட்டினேன்.

"வீட்டில இருக்கிற ஒண்டைப் பற்றி
இங்கிலீசில ஒரு வசனம் சொல்லுங்கோ.
அது கேட்டு எழுதிக் காட்டும்."

முதலில் யூட் நிக்சன்.
குருநகர்ப் பொடியன்,
வள்ளத்திலிருந்து கரைக்குக் கூப்பிட்டுப் பழகின தொண்டை.
தெயர் இஸ் எ வெல், என்றான், இன் மை ஹவுஸ்.
எழுத்துகள் ஒவ்வொன்றாய் ஊர்ந்து வந்து
அவன் வீட்டில் ஒரு திமிங்கிலம் இருப்பதாகச் சொல்லி நின்றன.

திரும்பச் சொன்னான். திரும்பவும் திமிங்கிலம்.
பிரணவியின் கோண்டாவில் வளவிலும் அதுவே கிடந்தது.
தலவாக்கலையில் இருந்து வந்த வதனகுமார்
பீலிக்கு இங்கிலீஸ் தெரியாமல்
கிணறு என்றே சொல்லிப் பார்த்தான்.
தேயிலை மலைக்கு மேலே ஏறி
வாலை அடித்தது அது.

"அதுதான் ரீச்சர்," என்றான் யூட், முகம் மாறாமல்,
"எங்கட கிணத்துத் தண்ணி உப்பு."

வகுப்பு சிரித்து முடிய
ஒரு சிரிப்பு மட்டும் மிஞ்சி நின்றது.
ஹிருணி.
ஸ்ரேசன் குவார்ட்டர்சில் இருக்கிறவள், தகப்பன் றெயில்வே.
ஏன் இங்கே கொண்டுவந்து சேர்த்தார் என்று
அதிபரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
ஆறு கிழமையாய் 'பிரசன்ட்' தவிர
அவள் வாயில் வேறு சொல் வந்ததில்லை.
அவளுடைய திரைக்கு மட்டும் அடியில்
சிங்கள வரி ஓட விட்டிருந்தேன்.

தல்மஸா, என்று வாசித்தாள்.
வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது.
பிறகு வெல், வெல, என்று
அந்தச் சொல்லை நாக்கில் உருட்டிப் பார்த்து
"அப்பே கெதர ளங்க வெலக் தியனவா" என்றாள்,
யாருக்கென்றும் இல்லாமல்.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.
நான் ரப்லெற்றைப் பார்த்தேன்.
இங்கிலீசுக்கு மட்டும் காது திறந்திருந்த அது
அப்பிள் என்று தொடங்கி ஏதோ எழுதிக்கொண்டிருந்தது.
புத்தளத்தில் பிறந்த ஸஹ்லாதான் எழும்பினாள்.
"வயல், ரீச்சர்.
அவட வீட்டுக்குப் பக்கத்தில வயல் ஈக்கிதாம்."

அதற்குப் பிறகு பாடம் என் கையில் இல்லை.
வெல் எண்டா தமிழில வெற்றியெல்லோ, என்றது ஒரு குரல்.
நீட்டினா வேல், நல்லூரில இருக்கு, என்றது மற்றது.
ஒரே சத்தத்தில் ஒரு கிணறும் ஒரு வயலும்
ஒரு முருகனும் ஒரு மீனும்.
திமிங்கிலம் மீன் இல்லை என்று பிரணவி திருத்தினாள்.
மணி அடித்ததைக் கடைசியாய்க் கேட்டது நான்தான்.

இரவு, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு
நானும் சொல்லிப் பார்த்தேன்.
பத்தொன்பது வருஷம் இங்கிலீஸ் படிப்பித்த வாய்.
மெதுவாய், உதட்டைக் குவித்து.
திமிங்கிலம்.
இன்னொருக்கால்.
திமிங்கிலம்.
ஆரும் பார்க்கவில்லை. ஆனாலும் காது சுட்டது.

அமைப்புகளுக்குள் போய்த் துளாவினால்
உச்சரிப்புக்கென்று நாடுகளின் பட்டியல் ஒன்று.
மேலும் கீழும் இரண்டு தரம் தள்ளிப் பார்த்தேன்,
நாங்கள் இல்லை.
பக்கத்து நாட்டைத் தொட்டேன்.
இரவல் காதுதான்,
பதினொன்றையும் அதற்கு மாற்றி முடிய
கறண்ட் போனது.

வெள்ளிக்கிழமை
எல்லாக் கிணறும் கிணறாகவே வந்தன.
ஒருவரும் கைதட்டவில்லை.
"பழைய மாதிரி ஆக்குங்கோ ரீச்சர்."
வதனகுமார் கொப்பியின் பின்மட்டையில்
துலாவோடு ஒரு கிணறு கீறி
தண்ணீர் பீச்சும் ஒரு முதுகை அதற்குள் நெருக்கி வைத்திருந்தான்.
யூட் வேண்டுமென்றே இழுத்துச் சொன்னான், வே...ல்.
அது மசியவில்லை.

ஹிருணி கையை நீட்டி ரப்லெற்றை வாங்கினாள்.
வெடித்த கண்ணாடி உள்ளது.
இரண்டு கையாலும் பிடித்து, கிட்டக் கொண்டுபோய்,
தெயர் இஸ் எ வேல், என்றாள்,
கொஞ்சம் யோசித்து,
இன் மை வெல.

திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றுகிறது.
இருபத்தெட்டுத் தலைகள் அதன்மேல் குனிந்திருக்கின்றன.
எனக்கு இடமில்லை.
வாங்கொன்றில் ஏறி நின்று பார்க்கிறேன்.